சாகோ கடைக் கதவில் ஒரு பெயர்

லாஸ் பால்மித்தாஸ், சான் பெத்ரோ
19 மே 1996

அன்பு யோவானிக்கு,

சித்தி ஃபிதெலினாவின் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. இந்தக் கடிதத்தைக் கடைக்கார சாகோவின் மைத்துனன் போலோ கையில் கொடுத்தனுப்புகிறேன். கடல் தாண்டி நீ இருக்கும் ஊருக்குப் பக்கத்தில்தான் அவன் கோழி வெட்டும் ஆலையில் வேலை செய்கிறானாம். ஆள் கையில் வருகிற கடிதத்தில் நான் சித்தி, நீ யோவானி. தபாலில் வருவதில் நான் அம்மா, நீ எஸ்மெர்லின். இதை மட்டும் மறந்துவிடாதே. தபால் உங்கள் பேஸ்பால் அணி ஆபீஸ் வழியாகத்தான் வருகிறது, அங்கே நம் பாஷை படிக்கத் தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று பயிற்சி கொடுக்கிற கோன்சோ எச்சரித்தான்.

நீ போனதிலிருந்து சாயங்காலமானால் எனக்கு ஒரே வேலைதான். ரொட்டி பொரித்து விற்றுவிட்டு, எண்ணெய்க் கையோடு சாகோ கடையில் போய் நிற்பேன். வானொலியில் மாக்சிமோவின் பேஸ்பால் நேரம் வரும். பெரிய அணிகளில் ஆடும் நம் நாட்டுப் பையன்களைப் பற்றி முதலில் உருகி உருகிச் சொல்லுவான். உன் அணி சின்ன அணி. அதனால் கடைசியில், பல்பொடி விளம்பரம் முடிந்து சாவு அறிவிப்பு தொடங்குவதற்கு முன்னால், மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டு போவான். ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. வந்தால் இப்படி வரும்: "எஸ்மெர்லின் மோத்தா, இரண்டு அடி, ஒரு ஓட்டம்." உடனே சாகோ அதைக் கடையின் நீலக் கதவில் சாக்பீசால் எழுதுவான். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். செய்தித்தாளில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் எறும்பு எழுத்தில் போடுகிறார்கள். சாகோ அந்தத் தாளில் கருவாடு சுற்றிக் கொடுத்துவிடுகிறான் என்று சண்டை போட்டு வாங்கி வந்தேன். என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. மீன் நாற்றம்தான், இருக்கட்டும்.

அது என் மகனின் பெயர் என்று நீ நினைத்துப் பார்ப்பதுண்டா, யோவானி? அவனுடைய பெட்டி வீட்டுக்குள் இருக்கும்போதே கோன்சோ என்னை அடுப்பங்கரைக்குக் கூப்பிட்டான். "செத்தவனுக்கு வயசு எதுக்கு ஃபிதெலினா? பதினேழு வயசு, மண்ணுல போட்டா வீணாப் போயிரும். உங்க அக்கா மகன் நல்லா அடிக்கிறான். இருபத்தொண்ணு ஆயிட்டதால ஒருத்தனும் சீந்த மாட்டேங்கிறான். பேரை மாத்தி எழுதிருவோம்" என்றான். கரும்பு வண்டியில் மோதிய என் பிள்ளையின் முகத்தைத் துடைத்த துணி அப்போது என் கையில் இருந்தது. தலையை ஆட்டினேன். அணி கொடுக்கிற பணத்தில் கூரை போட்டுக்கொள்ளத்தான் ஆட்டினேன் என்று தெருவில் பேச்சு. அது இல்லை. தன் பெயர் வானொலியில் வர வேண்டும் என்று அவன் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வராவிட்டாலும் பெயராவது வரட்டும் என்று நினைத்தேன்.

பதிவு ஆபீசில் செத்தவன் யோவானி என்று எழுதினார்கள். சிலுவையிலும் அதே. ஒன்பது இரவு ஜெபமும் யோவானியின் ஆன்மாவுக்குத்தான் நடந்தது. நான் சித்தி உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்சம் சத்தமாக அழுதபோது கோன்சோ என் கையைக் கிள்ளினான். தெருக்காரர்களைப் பற்றிப் பயமில்லை. இந்தத் தெருவில் பெண்களுக்குத்தான் வயது ஏறும், பையன்களுக்கு ஏறாது. யார் யாரைக் காட்டிக்கொடுப்பது?

நன்றாகச் சாப்பிடு. பெயரைக் கெடுத்துவிடாதே.

உன் சித்தி,
ஃபிதெலினா


கரோலினா
30 ஜூன் 1996

அன்பு அம்மா,

ஆசி கொடு. நான் சுகம். இங்கே எல்லாவற்றுக்கும் பஸ்தான். ஒரு ஆட்டத்துக்காக ராத்திரியெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து போகிறோம். ரொட்டிக்கு நடுவில் இனிப்பு ஊறுகாய் வைத்துக் கொடுக்கிறார்கள். அவரைக்குழம்புக்கும் வாழைக்காய்க்கும் நாக்கு செத்துக் கிடக்கிறது.

ஒரு வேடிக்கை. பயிற்சியாளர் "எஸ்மெர்லின்!" என்று கத்துவார். மற்றவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் நான் திரும்புகிறேன். எனக்குக் காது மந்தம் என்று முடிவு செய்து டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். அவர் ஒரு பெட்டியை மாட்டிப் பார்த்துவிட்டு, இவனுக்குக் கொசு நடப்பதுகூடக் கேட்கும் என்று எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு என்னைத் திமிர் பிடித்தவன் என்கிறார்கள்.

எங்கள் தொப்பியில் கொக்குப் படம் இருக்கும். ஒன்று அனுப்புகிறேன். சாகோவிடம் காட்டு.

உன் மகன்,
எஸ்மெர்லின்


லாஸ் பால்மித்தாஸ்
25 ஆகஸ்ட் 1996

எஸ்மெர்லின் கண்ணே,

தொப்பி வந்தது. ஆணியில் மாட்டியிருக்கிறேன். சாகோ ஒரு தடவை போட்டுப் பார்த்தான், பிடுங்கிக்கொண்டேன்.

இந்த வாரம் யோவானி செத்து ஒரு வருடம் ஆனது. வருட ஜெபம் நடத்தவில்லை. ஜெபம் சொல்லும் தாத்திகா மாட்டேன் என்றுவிட்டாள். "அந்தப் பேரைச் சொன்னா ஜெபம் வேற வீட்டுக் கதவைத்தான் தட்டும். ஒம்பது நாள் செஞ்ச பாவமே எனக்குப் போதும்" என்றாள். வருட ஜெபம் முடிந்தால்தான் செத்தவன் வீட்டைவிட்டுக் கிளம்புவான், உனக்குத் தெரியாததா? யோவானி கிளம்பவில்லை. அவனுடைய காலணியை நான் கட்டிலுக்கு அடியில் வைத்தால், காலையில் வாசலைப் பார்த்துக் கிடக்கிறது.

இன்னொன்று. நேற்று வானொலியில் கேட்டேன். நீ மூன்று முறையும் மட்டையைத் தோளிலேயே வைத்துக்கொண்டு பந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாயாமே. சாகோ கதவில் எழுதக்கூடத் தயங்கினான். என் மகன் எஸ்மெர்லின் தப்பாகவாவது மட்டையைச் சுற்றுவான், நின்று வேடிக்கை பார்க்க மாட்டான். இந்தப் பழக்கம் உனக்கு எப்போதிலிருந்து வந்தது? யோவானிக்குத்தான் அந்தப் பழக்கம் உண்டு.

உன் அம்மா


கரோலினா
22 செப்டம்பர் 1996

சித்திக்கு,

இதை போலோ கையில் கொடுக்கிறேன். அதனால் மனசில் இருப்பதை எழுதுகிறேன்.

எனக்காக ஜெபம் செய்வதை நிறுத்துங்கள். நீங்கள் அங்கே என் பெயர் சொல்லி மெழுகுவத்தி ஏற்றுவதாகப் போலோ சொன்னான், அப்போதெல்லாம் எனக்கு இங்கே தோள் மரத்துப் போகிறது. சிரிக்காதீர்கள். மட்டையை எடுக்க நினைக்கிறேன், கை வருவதில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு ஒன்பது ராத்திரி சாவு ஜெபம் பாடினால் வேறென்ன ஆகும்? நான் அடிக்கவில்லை என்று எழுதுகிறீர்கள். செத்தவன் அடிப்பானா?

அதற்காக அவன் பெயரிலும் ஜெபம் வைத்துவிடாதீர்கள். அணிக்காரர்கள் ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறார்கள். எங்களோடு இருந்த ஒருவனை, உண்மை வயது தெரிந்ததும், போன வாரம் விமானம் ஏற்றிவிட்டார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். நான் பெரிய அணிக்குப் போனதும் நானே ஊருக்கு வருகிறேன். அதற்குள் எனக்கென்று ஒரு இடம் ஆகியிருக்கும், யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். அப்போது அவன் பெயரிலேயே வருட ஜெபம் நடத்துவோம், சிலுவையை மாற்றுவோம். என் அம்மா மேல் சத்தியம்.

யோவானி


லாஸ் பால்மித்தாஸ்
9 பிப்ரவரி 1997

அன்பு யோவானிக்கு,

உன் அம்மா மேல் சத்தியம் செய்திருக்கிறாய். அவள் என் கூடப் பிறந்தவள். அதனால் நம்புகிறேன். மெழுகுவத்தி ஏற்றுவதில்லை.

விசாரிக்கிற ஆள் வந்துவிட்டுப் போனான். வெள்ளைச் சட்டை, நல்ல பையன், ரொட்டி கொடுத்தால் எண்ணெய் வடித்துவிட்டுத் தின்றான். முதலில் சாகோவைக் கேட்டிருக்கிறான். "எஸ்மெர்லினுக்கு என்ன வயசு இருக்கும்?" "பெரிய புயல் அடிச்ச வருஷம் அவங்கம்மா இடுப்புல இருந்தான். என் கடையில ஒரு தகரம் பறந்துச்சு, அந்தத் தகரத்தோட வயசுதான் அவனுக்கு" என்று சாகோ சொன்னானாம். பொய் இல்லை. அது என் பிள்ளையின் வயதுதான்.

அப்புறம் என் வீட்டுக்கு வந்தான். "உங்க மகனப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றான். நான் சொல்லத் தொடங்கினேன், யோவானி. எனக்கே நிறுத்த முடியவில்லை. காலையில் எழுந்திருக்கவே மாட்டான், தண்ணி தெளிக்கணும் என்றேன். சோற்றில் அடிப்பிடித்ததைத்தான் கேட்பான், தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றுகொண்டே தின்பான் என்றேன். இடியைக் கண்டால் இன்னும் பயம் என்றேன். கட்டிலைக் காட்டினேன். முந்தின வருடம் செத்தானே அந்த அக்கா மகன் யார் என்று கேட்டான். "அது ஒரு அனாதைப் பையன். நல்லா ஆடுவான், அதிர்ஷ்டம் இல்ல" என்றேன். அவன் எழுதிக்கொண்டு, "உங்க மகன் குடுத்து வச்சவன்மா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்த ஒரு மத்தியானம் நன்றாக இருந்தது. இன்னும் பத்துப் பேரை அனுப்பினாலும் சொல்லுவேன். அவன் போன பிறகு சட்டியை நான்தான் சுரண்டினேன்.

உன் சத்தியத்தை ஞாபகம் வைத்துக்கொள்.

சித்தி


14 ஆகஸ்ட் 1998

அம்மா,

பெரிய அணிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்! அங்கே மூன்றாம் தளத்தில் நிற்கிற ஆட்டக்காரனுக்கு முழங்கால் போய்விட்டது. விமானத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சட்டையில் முதுகுப் பக்கம் பெயர் தைத்திருக்கிறார்கள். சாகோவைப் புதுச் சாக்பீஸ் வாங்கச் சொல்லு. எல்லோரையும் கேட்டதாகச் சொல்லு.

எஸ்மெர்லின்


லாஸ் பால்மித்தாஸ்
6 செப்டம்பர் 1998

யோவானிக்கு,

இதைப் போலோ கொண்டுவருவான். நீ படித்து முடிக்கும்வரை அவனை உட்கார வை.

செவ்வாய்க்கிழமை சாகோ கடையில் நிற்க இடமில்லை. நீ பெரிய அணியில் முதல் அடி அடித்தாய் என்று மத்தியானமே தெரிந்துவிட்டது. மாக்சிமோ உன்னோடு தொலைபேசியில் பேசப்போகிறான் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சாகோ எனக்கு நாற்காலி போட்டான். சீமாட்டி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"இந்த முதல் அடி யாருக்குப்பா?" என்று மாக்சிமோ கேட்டான்.

நீ சொன்னாய்: "எங்கம்மாவுக்குத்தான் சார். அவங்க மேல இருந்து பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் சின்னப் பையனா இருக்கும்போதே போய்ட்டாங்க."

மாக்சிமோ குரலை இறக்கி, "எஸ்மெர்லினின் தாயார் ஆன்மா இளைப்பாறட்டும்" என்றான். சாகோ வானொலியின் காதைத் திருகினான். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "லைன் சரியில்ல, நடுவுல வேற எவனோ பேசியிருப்பான்" என்றார் சவரக்கடைக்காரர். நான் எழுந்து வந்துவிட்டேன்.

அதோடு முடிந்ததா? மறுநாள் காலையில் வாசலில் ஆட்கள். தூரத்துக் கரும்புத் தோட்டங்களில் இருப்பவர்கள் பாதிதான் கேட்டிருக்கிறார்கள். கருப்புத் துணி போர்த்திய ஒரு பொம்பளை, மெழுகுவத்திக் கட்டோடு நிற்கிறாள்.

"பேஸ்பால்காரன் எஸ்மெர்லினோட அம்மா சாவு வீடு இதுதானே?"

"நான்தான் எஸ்மெர்லினோட அம்மா."

"ஐயோ தாயே! எப்ப ஆச்சு?"

என்ன சொல்ல, சொல்லு. சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர் சர்க்கரைப் பொட்டலத்தோடு நின்றார். "வந்தது வந்துட்டோம், காபியாவது போடு. செத்தவ கையால குடிச்சேன்னு ஊர்ல போய்ச் சொல்லிக்கிறேன்" என்றார். போட்டேன். சாயங்காலம்வரை வந்துகொண்டே இருந்தார்கள். எனக்காகக் கொண்டுவந்த சர்க்கரையில் எனக்காக வந்தவர்களுக்கு நான் காபி போட்டேன். போகும்போது சிலருக்கு என் மேல் கோபம், வீணாக நடக்க வைத்துவிட்டேன் என்று.

மூன்று வருடமாக என் மகனைத்தான் மறைத்து வைத்திருந்தேன். இப்போது என்னையும் புதைத்துவிட்டாய்.

சரி, போகட்டும். நீ பெரிய அணிக்குப் போய்விட்டாய். எப்போது வருகிறாய்? தாத்திகாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவன் பெயர் சொல்லி ஜெபம் என்றால் இப்போதே வருகிறேன் என்கிறாள். சிலுவைக்கு வெள்ளைப் பூச்சு வாங்கிவிட்டேன். தேதியை மட்டும் எழுது.

சித்தி


3 அக்டோபர் 1998

சித்திக்கு,

நடந்ததற்கு வருத்தம். வேண்டுமென்று சொல்லவில்லை. அவர் யாருக்கு என்று கேட்டதும் என் அம்மா வாயில் வந்துவிட்டாள். அந்த நேரத்தில் இன்னொருத்தியை எப்படி அம்மா என்று சொல்வது? பெயர், வயது, பிறந்தநாள் எல்லாம் உங்கள் மகனுடையது. அம்மாவாவது என்னுடையவளாக இருக்கக் கூடாதா? அணிக்காரர்கள் கேட்டார்கள். செத்தது வளர்த்த அம்மா என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இன்னும் சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள்.

ஜெபத்தை மறந்துவிடுங்கள், சித்தி. நான் சத்தியம் செய்தபோது எனக்கு விவரம் போதவில்லை. சின்ன அணியில் இருந்தபோது பிடிபட்டால் ஒரு சின்ன அணிதான் போகும். இப்போது எல்லாம் போகும். இங்கே ஒரு பெண்ணோடு இருக்கிறேன். குழந்தை வரப்போகிறது, பையன். அவனுக்கும் எஸ்மெர்லின் என்றுதான் பெயர் வைக்கப்போகிறோம். கடையில் என் படம் போட்ட அட்டையைப் பிள்ளைகள் வாங்குகிறார்கள். அதில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. அது இப்போது என் பெயர். நான் அடித்துச் சம்பாதித்தது.

வானொலியில் கேட்கும் பெயர் உங்கள் மகனுடையது என்று நினைத்துக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அவன் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பெயர் எந்த வானொலியிலும் வந்திருக்காது. வளைந்து வரும் பந்தை அவனுக்கு அடிக்கத் தெரியாது. அன்றைக்குக் காலையில் கோன்சோ எல்லோர் முன்னாலும் அவனுடைய மட்டையை வாங்கிக்கொண்டு, "நாளையிலருந்து வராதே, உங்கம்மாகூட ரொட்டி பொரி" என்று சொல்லிவிட்டான். அழுதுகொண்டேதான் மோட்டார் சைக்கிளை எடுத்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனவனுக்குக் கரும்பு வண்டி எப்படித் தெரியும்?

இனிமேல் நான் எப்படி ஆடுகிறேன் என்று எனக்கு எழுத வேண்டாம்.

யோவானி


லாஸ் பால்மித்தாஸ்
8 நவம்பர் 1998

யோவானி,

இந்தக் கடிதம் தபாலில்தான் வருகிறது. உறையின் மேல் உன் சொந்தப் பெயரை எழுதி, உன் அணியின் விலாசம் போட்டிருக்கிறேன். யாரிடம் கொடுப்பது என்று அவர்கள் யோசிக்கட்டும்.

நேற்று என் மகனின் வருட ஜெபம் நடந்தது. இரண்டு வருடம் தாமதம். தெருவே வந்தது. தெரு மட்டுமில்லை, முன்பு என் சாவுக்கு வந்தவர்களும் வந்தார்கள்.

எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். இங்கே குளிர்கால ஆட்டம் தொடங்கிய அன்று, நாடு முழுக்க வானொலியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், நான் பஸ் ஏறி வானொலி ஆபீசுக்குப் போனேன். சாவு அறிவிப்பு எழுதிக்கொள்ளும் பெண்ணிடம் சொன்னேன். அவள் படித்துவிட்டு உள்ளே ஓடி மாக்சிமோவைக் கூட்டிவந்தாள். குட்டையான மனுஷன், குரல்தான் பெரிசு.

"அம்மா, இது அந்த எஸ்மெர்லின் மோத்தாவா?"

"எஸ்மெர்லின் மோத்தா ஒருத்தன்தான்."

"அவன் போன மாசம்கூட ஆடினானே!"

"அவன் செத்து மூணு வருஷம் ஆச்சு. பெத்தவ நான் சொல்றேன். நீங்க வேற யாரையோ பத்திச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

"போன தடவை உங்களுக்குத்தானே நான் ஆன்மா இளைப்பாறட்டும்னு சொன்னேன்?" என்றான். ஆமாம் என்றேன். அந்தப் பெண் எழுதிய சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பல்பொடி விளம்பரம் முடிந்ததும் அவனே படித்தான்: "லாஸ் பால்மித்தாஸ் ஃபிதெலினாவின் ஒரே மகன் எஸ்மெர்லின் மோத்தா, பதினேழு வயதில் காலமானவன். அவனுடைய வருட ஜெபம் சனிக்கிழமை." எவ்வளவு அழகாகச் சொன்னான் தெரியுமா. கடைசியில்தான் என் பிள்ளை பெயர் என் பிள்ளைக்காக வானொலியில் வந்தது.

அவனுக்கு வளைந்து வரும் பந்தை அடிக்கத் தெரியாவிட்டால் என்ன? நீ அடி. உன் பெயரில் அடி.

ஃபிதெலினா


சாந்தோ தொமிங்கோ
12 மார்ச் 1999

சித்திக்கு,

காலில் விழுந்து எழுதுகிறேன்.

உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும், வானொலியில் வந்திருக்கும். சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு விமானம் ஏற்றினார்கள். என்னோடு இருந்த பெண் தொலைபேசி எடுப்பதில்லை. குழந்தை பிறந்துவிட்டது என்று மட்டும் அவளுடைய தங்கை சொன்னாள். என்ன பெயர் வைத்தார்கள் என்று சொல்லவில்லை.

நான் இங்கே ஒரு டயர் கடையின் மாடியில் படுத்துக்கொள்கிறேன். மெக்சிகோ நாட்டு அணி ஒன்று என் உண்மை வயதுக்கே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறது. இருபத்தைந்து ஆனாலும் பரவாயில்லையாம். ஆனால் அதற்கு நான் யோவானி என்று காகிதம் வேண்டும். பதிவு ஆபீசுக்குப் போனால் யோவானி செத்துவிட்டான் என்கிறார்கள். நான்தான் அது என்றேன். "செத்தவங்க நேர்ல வந்தா நாங்க எடுத்துக்க முடியாது தம்பி. உறவுக்காரங்களக் கூட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் சாப்பிடப் போய்விட்டார். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு இருக்கிற உறவு நீங்கள் ஒருத்திதான். நீங்கள் வந்து நீதிபதி முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். குழியில் இருப்பது எஸ்மெர்லின், யோவானி இல்லை என்று. நீங்கள் கேட்டதும் அதுதானே? அவனுக்கும் அவன் பெயர் கிடைக்கும், எனக்கும் என் பெயர் கிடைக்கும். இந்த மாத முடிவுக்குள் காகிதம் கொடுக்காவிட்டால் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். பந்து அடிப்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது, சித்தி.

அவனைப் பற்றி எழுதியது கோபத்தில் எழுதிய பொய். மட்டையை யாரும் வாங்கவில்லை. அவன் அழவில்லை. சிரித்துக்கொண்டேதான் கிளம்பினான்.

உங்கள் அக்கா மகன்,
யோவானி


லாஸ் பால்மித்தாஸ்
28 மார்ச் 1999

யோவானிக்கு,

கடிதம் வந்தது. நீ மெலிந்திருக்கிறாய் என்று போலோ சொன்னான். பகலில் வேகவைத்த வாழைக்காய் தின்னு, பசி தாங்கும்.

பொய் என்று எழுதியிருக்கிறாய். உன் முந்தின கடிதம் வந்தபோதே நான் கோன்சோவைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். மட்டையை வாங்கியது நிஜம்தான் என்று ஒப்புக்கொண்டான். "வேற என்ன செய்யச் சொல்ற, இருக்கிறது நாலு மட்டை" என்றான். என் பிள்ளை அழுதுகொண்டு போனதை நீ பார்த்திருக்கிறாய். பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய். அதை எனக்குக் கொடுத்ததும் நீதான், இப்போது ஒரு காகிதத்துக்காகத் திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்ப்பதும் நீதான்.

நீதிபதியிடம் நான் வர மாட்டேன்.

கோபத்தில் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தேன். நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஜெபம் நடந்தது, சிலுவையில் அவன் பெயர் இருக்கிறது, சாகோவின் மகன் நல்ல எழுத்தில் எழுதிக் கொடுத்தான். கடவுளுக்கும் தெருவுக்கும் தெரிந்துவிட்டது. அவனும் கிளம்பிவிட்டான். காலணி வைத்த இடத்திலேயே இருக்கிறது. அது நடக்க வேண்டும் என்றுதான் நான் இத்தனையும் செய்தேன். நடந்த பிறகு வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. சட்டியில் அடிப்பிடித்தால் கேட்க ஆள் இல்லை.

சர்க்கார் புத்தகத்தில் மட்டும்தான் அவன் இன்னும் சாகவில்லை. நீ என்னை அங்கே வந்து, என் வாயால், அவன் செத்துவிட்டான் என்று சொல்லச் சொல்கிறாய். அங்கேயும் அவனைச் சாகடித்துவிட்டு உனக்கு உயிர் கொடுக்கச் சொல்கிறாய். எந்த அம்மா வருவாள், யோவானி? உன் அம்மா இருந்தால் அவள் வருவாளா, கேட்டுப் பார்.

போன புதன்கிழமை தேர்தல் ஆபீஸ் ஆட்கள் தெரு தெருவாக வந்தார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் இல்லை, பேஸ்பாலும் கேட்பதில்லை போலிருக்கிறது. வீட்டில் வயது வந்தவர்கள் யார் யார் என்று அந்தப் பெண் கேட்டாள். நான் ஃபிதெலினா, என் மகன் எஸ்மெர்லின் என்றேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். பெயர் இருந்தது. சாகோ பக்கத்தில்தான் நின்றான். தலையைக் குனிந்துகொண்டான்.

"இருபத்தொண்ணு ஆகுதா?" என்றாள்.

"ஆமா, வர்ற மாசத்தோட."

"ஆள் எங்கம்மா?"

"வேலைக்குப் போயிருக்கான். சாயங்காலம் வந்துருவான்" என்றேன்.

எஸ்மெர்லினின் அம்மா,
ஃபிதெலினா